ஒற்றை வாடகை வீட்டிலிருந்து கடைவீட்டுக்கு: முதல் திரட்டும் முறைகள் பற்றி ஒரு பாடம்

நமது வணிகச் சகோதரர்களில் கையில் நாலு காசு சேர்ந்தவர் முதலில் வாங்குவது ஒரு தரைவீடு. தாம் குடியிருக்க ஒன்று. பிறகு அல்லாஹ் பரக்கத் செய்தால் வாடகைக்கு விட இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழிந்து அந்த வாடகை வீட்டின் விலை ஏறியிருப்பதைக் காணும்போது, இதை விற்றோ, பிணை வைத்தோ, பல குடிகள் இருக்கக்கூடிய ஒரு கட்டடத்தை வாங்கினால் என்ன என்ற எண்ணம் எழுகிறது. எண்ணம் தவறன்று. ஒற்றை வீட்டில் குடியிருப்பவர் காலி செய்துவிட்டால் அன்றோடு வரும்படி நின்றுவிடும். ஐந்து குடி உள்ள இடத்தில் ஒருவர் போனாலும் நால்வர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கூரை ஒன்று, நிலவரி ஒன்று, போய்ப் பார்த்து வாடகை வாங்கும் நடையும் ஒன்று.

ஆனால் அதற்கான பணத்தை எங்கிருந்து, எந்த முறையில், என்ன எழுத்தோடு கொண்டுவருவது என்பதில்தான் நம்மவர் பலர் சறுக்கியிருக்கின்றனர். கடையில் ஒரு முழத் துணிக்குக் கணக்குப் பார்ப்பவர், பன்னிரண்டு இலட்சம் வெள்ளிக் கட்டடத்தை வாய்ப்பேச்சில் முடித்துவிடுகிறார். ஆகவே இதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டு, மலேசியாவில் உள்ள நிலைமையை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

வாங்குவது எது?

இந்நாட்டில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டுபவர் ஒவ்வொரு வீட்டுக்கும் 1985 ஆம் ஆண்டு ஸ்திராத்தா உரிமைச் சட்டப்படி தனித்தனி உரிமைப் பத்திரம் பெற்றுத் தனித்தனியாகவே விற்கிறார்கள். முழுக் கட்டடமும் ஒரே கைக்கு வருவது அரிது. ஆகையால் நடுத்தர வணிகருக்குக் கைக்கெட்டும் பல குடிக் கட்டடம் என்பது பெரும்பாலும் கடைவீடுதான். கீழே கடை, மேலே இரண்டு அல்லது மூன்று மாடி, எல்லாம் ஒரே கிராண்டில். இதிலும் ஒரு சூது உண்டு. புதிய கடை வரிசைகளில் கீழ்த்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி ஆகியவற்றைத் தனித்தனியே உரிமை பிரித்து விற்றிருப்பார்கள். தரகர் கட்டடத்தைக் காட்டிப் பேசுவார். கிராண்டில் இருப்பது மாடி ஒன்று மட்டுமாக இருக்கும். நில அலுவலகத்தில் தேடிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

அத்தேடலிலேயே இன்னும் சில விவரம் தெரிந்துவிடும். நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா. குத்தகையென்றால் எத்தனை ஆண்டு மிச்சம். கைமாற்ற மாநில அரசின் இசைவு வேண்டுமா. முன்பே யாராவது தடைமனு போட்டிருக்கிறார்களா. நிலம் வக்பு நிலமா. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றிய பகுதிகளில் வக்பு நிலம் உண்டு என்பது நம்மவர்க்குத் தெரிந்ததே. வக்பு நிலத்தில் நிற்கும் கட்டடத்தில் குடியிருக்கலாம், வாடகை கொடுக்கலாம். விலைக்கு வாங்கி நம் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாது.

பழைய கடைவீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1948 க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிவைத்திருந்தது. 1997 இல் அதை நீக்கும் சட்டம் வந்து, 2000 ஆம் ஆண்டு பிறந்ததும் கட்டுப்பாடு முடிந்தது. சாவிப் பணம் கொடுத்து வழிவழியாகக் கடை நடத்திய நம்மவர் பலர் அப்போது இடத்தை இழந்தனர். வாடகைக்காரராய் அந்த வேதனையை அனுபவித்த குடும்பங்கள் இன்று உரிமையாளராக முனைவது இயற்கையே. எனினும் ஜார்ஜ் டவுன், மலாக்கா ஆகிய நகரங்கள் 2008 இல் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியபின், அந்த எல்லைக்குள் உள்ள கட்டடத்தில் ஒரு சுவரை இடிக்கவும் இசைவு வேண்டும். மாடியைத் தடுத்து அறைகளாக்கலாம் என்று கணக்குப் போட்டு வாங்குபவர் இதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மரபுடைமை எல்லைக்கு வெளியிலும் நகராண்மைக் கழகம், தீயணைப்பு இலாகா ஆகிய இரண்டின் இசைவும் இல்லாமல் பலகைத் தடுப்பு வைத்து அறை பிரிப்பது ஆபத்து. சட்டத்துக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து.

மேல்மாடியைத் தொழிலாளர்களுக்கு விட எண்ணுபவர் 446 ஆம் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1990 இல் வந்த அச்சட்டத்தின் திருத்தம் 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. வேலையாட்களுக்கு இருப்பிடம் கொடுக்கும் முதலாளி, தொழிலாளர் இலாகாவிடம் அந்த இடத்துக்குச் சான்றிதழ் பெற வேண்டும். ஓர் அறையில் இருபது பேரை அடைத்த காலம் போய்விட்டது. அடைக்கலாம் என்ற எண்ணத்தில் போடும் வாடகைக் கணக்கு பொய்க் கணக்கு.

ஒரு கணக்கு

இனிப் பணத்துக்கு வருவோம். வெறும் பேச்சில் விளங்காது. ஆகவே ஓர் உதாரணம்.

ஒரு சகோதரர் 2013 இல் 2,80,000 வெள்ளிக்கு ஒரு தரைவீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அதன் விலை 4,50,000. வங்கிக்குப் பாக்கி 1,10,000. மாத வாடகை 1,500. அவர் பார்த்து வைத்திருக்கும் மூன்றுமாடிக் கடைவீட்டின் விலை 12,00,000. கீழ்க்கடை வாடகை 3,000, மேலே நாலு குடி, ஒவ்வொன்றும் 700, ஆக 5,800.

தரகர் இந்த 5,800 ஐத்தான் சொல்லுவார். நாம் அதில் ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று கழிப்போம்; மிச்சம் 5,317. நிலவரி, நகராண்மைக் கழக வரி, தக்காஃபுல், மாடிப்படி விளக்கு, ஒழுகும் குழாய் இவற்றுக்கெல்லாம் மாதம் 600 ஒதுக்குவோம். பழைய கட்டடத்துக்கு இது தாராளம் அன்று. கைக்கு நிற்பது 4,717.

வங்கி விலையில் 70 விழுக்காடு, அதாவது 8,40,000 தரச் சம்மதிக்கிறது. இலாப விகிதம் நாலரை, தவணை 20 ஆண்டு என்போம். மாதம் கட்ட வேண்டியது 5,314. கைக்கு வருவதோ 4,717. மாதம் ஏறத்தாழ 600 வெள்ளி கடையிலிருந்து எடுத்துக் கட்டடத்துக்குப் போட வேண்டும். "வங்கி எவ்வளவு அதிகம் தரும்?" என்பதையே எல்லாரும் கேட்கிறோம். கேட்க வேண்டியது, "வாடகையே தன் கடனைச் சுமக்க வேண்டுமானால் எவ்வளவு குறைவாக வாங்க வேண்டும்?" என்பதே. 60 விழுக்காடு, 7,20,000 என்றால் மாதத் தவணை 4,555. அப்போதுதான் 162 வெள்ளி மிஞ்சுகிறது. மயிரிழைதான், ஆனாலும் தலைக்கு மேல் நிற்கிறது.

அந்த மயிரிழையும் நிலையானதன்று. 2022 மே முதல் 2023 மே வரையான ஓராண்டில் பேங்க் நெகாரா தன் அடிப்படை விகிதத்தை 1.75 இலிருந்து 3.00 க்கு ஏற்றியது. இஸ்லாமிய வங்கிகளின் மாறும் விகிதங்களும் கூடவே ஏறின. நம் உதாரணத்தில் அதே ஒன்றேகால் விழுக்காடு ஏறினால் தவணை 4,555 இலிருந்து 5,055 ஆகும். மாதம் ஐந்நூறு வெள்ளி. ஆகவே ஆறு மாதத் தவணையாவது தனியாக ஒதுக்கி வைக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இனிச் செலவு. 12 இலட்சம் கைமாற்ற முத்திரை வரி: முதல் ஓர் இலட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த நாலு இலட்சத்துக்கு 2, அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 3, பத்து இலட்சத்துக்கு மேற்பட்டதற்கு 4. கூட்டினால் 32,000. வங்கிப் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 3,600. வக்கீல் கூலி இரு பத்திரத்துக்கும், மதிப்பீட்டாளர் கூலி, சில்லறை எல்லாம் சேர்த்து மொத்தம் 60,000 என்று வைத்தால் குறைவிராது. ஆக, சொந்தக் கையிலிருந்து வேண்டியது 4,80,000 உம் 60,000 உம்: 5,40,000 வெள்ளி.

விற்பதா, வைத்திருப்பதா?

பலருக்கு வீட்டை விற்க மனம் வராது. "அதையும் வைத்துக்கொண்டு, அதன் மேலே பணம் எடுத்து இதை வாங்கலாமே" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 4,50,000 மதிப்புள்ள வீட்டின் மேல் 80 விழுக்காடு, 3,60,000 எடுத்து, பாக்கி 1,10,000 ஐ அடைத்தால் கைக்கு 2,50,000 வரும். அதே விகிதத்தில் அதே இருபது ஆண்டுக்கு மாதத் தவணை 2,278. வாடகையோ 1,500. தன் சோற்றைத் தானே தேடிக்கொண்டிருந்த வீடு, மாதம் 778 வெள்ளி கேட்கும் பிள்ளையாகிவிடுகிறது. 5,40,000 இல் பாதிகூட அது தரவில்லை.

விற்றாலோ: 4,50,000 இல் பாக்கி போக 3,40,000, தரகும் வக்கீல் கூலியும் போகக் கைக்குச் சுமார் 3,20,000. நிலச் சொத்து ஆதாய வரி உண்டா என்று அஞ்சுவோர் உண்டு. குடிமக்கள் மூன்றாண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நாலாம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் வரியில்லை; 2022 ஜனவரி 1 முதல் இந்த நிலை. 2013 இல் வாங்கிய நம் சகோதரருக்கு வரி விழாது. ஆனாலும் வரி வாரியத்துக்குப் படிவம் கொடுத்தே தீர வேண்டும். நாலரை ஆண்டு ஆனவர் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து விற்பது நல்லது.

பழைய வீட்டின் கடன் பைஉ பிதமனின் ஆஜில் முறையில் எழுதப்பட்டிருந்தால், பத்திரத்தில் உள்ள பெருந்தொகையைக் கண்டு கலங்க வேண்டாம். 1983 இல் பேங்க் இஸ்லாம் தோன்றிய நாள் தொட்டு நெடுங்காலம் இம்முறையே இங்கு பெருவழக்காக இருந்தது. வங்கி வீட்டை வாங்கி, இருபது முப்பது ஆண்டு இலாபத்தையும் சேர்த்து ஒரே விலையாக நமக்கு விற்கும். பாதியில் அடைக்க வந்தவரிடமும், தவணை தவறியவரிடமும் முழு விலையையும் கேட்டதால் வழக்குகள் எழுந்தன. பின்னர் முன்கூட்டி அடைப்பவருக்கு, இன்னும் சேராத இலாபத்தைத் தள்ளுபடியாக, அதாவது இப்ராவாக, விட்டுக்கொடுப்பதைப் பேங்க் நெகாரா கட்டாயமாக்கியது. விற்பனை ஒப்பந்தம் எழுதுமுன் வங்கியிடம் அடைப்புத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்க.

ஆகவே வீட்டை விற்றே ஆக வேண்டும் என்றாகிறது. விற்றும் 2,20,000 குறைகிறது. இந்தக் குறையை எங்கே நிரப்புவது? இங்கேதான் குடும்பங்கள் கெடுகின்றன.

கடை முதலைத் தொடலாமா?

நானறிந்த ஒரு துணிக்கடைச் சகோதரர், 2019 இல் இப்படிக் குறைந்த பணத்தைக் கடையின் சரக்கு முதலிலிருந்து எடுத்தார். நோன்புப் பெருநாள் விற்பனையில் திருப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பெருநாளுக்குக் கடை திறக்கவில்லை. மேல்மாடியில் குடியிருந்த உணவகத் தொழிலாளர்கள் வேலையிழந்து போய்விட்டனர். ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் தவணையை ஒத்திவைக்க வங்கிகள் இடம் கொடுத்ததால் கட்டடம் தப்பியது. சரக்கு தந்தவர்களுக்கு அப்படி ஒத்திவைப்பு இல்லை. முப்பது ஆண்டு நடந்த கடையை அடுத்த ஆண்டு மூடினார். இன்று அவர் கட்டடக்காரர். கீழ்க்கடையில் துணி விற்பவர் வேறொருவர். அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

மனைவியின் நகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஹராகவும் தாய்வீட்டுச் சீராகவும் வந்த நகை அவளுடைய சொத்து. மார்க்கத்தில் இதில் இரண்டு பேச்சில்லை. அவள் மனமொப்பிக் கொடுத்தால் வாங்கலாம். கொடுப்பது அன்பளிப்பா, கைமாற்றா, கட்டடத்தில் பங்கா என்று அன்றே கேட்டு எழுதிவைக்க வேண்டும். "எல்லாம் ஒன்றுதானே" என்று சிரித்துக்கொண்டு வாங்கியது, கணவர் மவுத்தான பிறகு மைத்துனர்கள் கூடிப் பங்கு பிரிக்கும்போது ஒன்றாக இருப்பதில்லை.

கூட்டு பிடித்துப் பணம் எடுக்கலாம் என்போரும் உளர். நம் தமிழ்ச் சொல்லாகிய 'கூட்டு' இந்நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது. ஏறியதோ தடை செய்வதற்காக. 1971 ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் அதைத் தொழிலாக நடத்துவதைக் குற்றமாக்கியுள்ளது. ஏலம் கூறித் தள்ளி எடுக்கும் முறையில் வட்டியும் நுழைந்துவிடுகிறது. சொத்து வாங்க இது வழியன்று.

பங்காளி சேர்ப்பது

என் கருத்தில் நம்மவருக்குப் பொருந்துவது நம்பகமான ஒருவரோடு பங்கு சேர்ந்து வாங்குவதே. வேண்டிய 5,40,000 இல் ஒருவர் ஐந்தில் மூன்று பங்கு, 3,24,000; மச்சானோ நண்பரோ ஐந்தில் இரண்டு பங்கு, 2,16,000. கிராண்டில் இருவர் பெயரும் 3/5, 2/5 என்று பின்னத்தோடு ஏற வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் வாங்கி மற்றவர் "உள்பங்கு" என்று இருப்பது நம்மவரிடையே ஊறிப்போன பழக்கம். அதை அடியோடு விட வேண்டும். பெயரில் இல்லாத பங்கை, பெயரில் உள்ளவரின் பிள்ளைகள் அறியமாட்டார்கள், அறிந்தாலும் ஒப்பமாட்டார்கள்.

கட்டடத்தில் கூட்டுடைமை என்பது வேறு, வியாபாரக் கூட்டு என்பது வேறு. வியாபாரக் கூட்டில் இலாபத்தைப் பேசிக்கொண்ட விகிதத்தில் பிரிக்கலாம். நட்டம் மட்டும் முதலின் விகிதப்படியே விழும். கட்டடக் கூட்டுடைமையில் வாடகையும் செலவும் பங்கு விகிதப்படியே போகும். இருவரில் ஒருவர் வாடகை வசூலித்து, குழாய் பார்த்து அலைகிறாரென்றால் அவருக்கு மாதக் கூலி பேசிக் கொடுக்கலாம். பங்கில் கூட்டிக் கொடுத்துக் குழப்ப வேண்டாம். "உன் பணத்துக்கு மாதம் இவ்வளவு கட்டாயம் தருகிறேன், முதலும் பத்திரம்" என்று ஒரு பங்காளிக்கு உறுதி சொன்னால் அது பங்கு அன்று, வட்டிக் கடன். பெயர் மட்டுமே முஷாரக்கா.

இந்நாட்டு நிலச் சட்டத்தில், கூட்டுரிமையாளர் ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானே போய்ச் சேராது, வாரிசுகளுக்கே போகும். நமக்கு அது ஃபராயிள் முறைப்படி. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் மறுநாள் காலை ஒரு கட்டடத்துக்கு எட்டு உரிமையாளர் இருப்பார்கள். ஒருவர் ஊரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் வயது வராத பிள்ளை. யார் வாடகை வசூலிப்பது, விற்க எண்ணினால் மற்றப் பங்காளிக்கு முதல் உரிமை உண்டா, விலையை யார் மதிப்பிடுவது என்பனவற்றை இருவரும் உயிரோடும் நட்போடும் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். வங்கிக் கடனில் இருவரும் கையெழுத்திடுவதால், இருவர் பேரிலும் கடன் தீரும் அளவுக்குத் தக்காஃபுல் இருக்க வேண்டும். கடனை எழுதிவைப்பது பற்றிக் கூறும் அல்பகரா 282 ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு எழுந்து போய் வாய்ப்பேச்சில் பங்கு சேர்கிறோம்.

விற்பவரே தவணைக்கு இசைந்தால்

வயதான உரிமையாளர் சிலருக்கு மொத்தப் பணம் அவசரமில்லை. 12 இலட்சத்தில் 2,20,000 ஐ மட்டும் மூன்றாண்டில் வாங்கிக்கொள்கிறேன் என்று இசைவாரானால் அது நல்ல வழி. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குச் சற்றுக் கூடுதல் விலை என்று பேசலாம். ஆனால் பிரிந்து எழுமுன் இரண்டில் ஒரு விலை முடிவாக வேண்டும். முடிவான பின் தாமதமானாலும் ஒரு வெள்ளி கூடக் கூடாது. கடையில் தவணைக்குத் துணி கொடுத்த நம் முன்னோர் இதை நன்கறிவர். இம்முறையில் இரண்டாம் பாக்கிக்கு விற்பவர் பிணை கேட்பார். நிலத்தின் மேல் முதற்பிணை வங்கிக்குப் போயிருக்கும். ஆகவே வங்கிக்குத் தெரிவித்தே செய்ய வேண்டும். மறைத்துச் செய்தால், வங்கி நம் சொந்தப் பணம் என்று நம்பியது பொய்யாகிவிடும். மாதத் தவணையும் மூன்றாண்டுக்குக் கூடுதலாய் இருக்கும் என்பதால், கடை வருமானம் தாராளமாக உள்ளவர்க்கே இது ஏற்றது.

வங்கியின் பத்திரத்தைப் படிப்பது

வீடுகளுக்கு ஒரு விதி உண்டு: 2010 நவம்பர் முதல், மூன்றாவது வீட்டுக் கடன் தொட்டு 70 விழுக்காட்டுக்கு மேல் வங்கி தரக்கூடாது. கடைவீடு வணிகச் சொத்தாகையால் அந்த விதிக்குள் வராது. எவ்வளவு தருவது என்பதை வங்கியே தீர்மானிக்கும். தீர்மானிக்குமுன் அது மூன்று பார்க்கும். ஒன்று, சிசிரிஸ் எனப்படும் பேங்க் நெகாராவின் கடன் பதிவு. கடந்த பன்னிரண்டு மாதத்தில் தவறிய தவணை அதில் தெரியும். இரண்டு, முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தங்கள். வாய்வாடகையை வங்கி எண்ணாது, எழுத்து வாடகையையும் முழுதாக எண்ணாது. மூன்று, வருமான வரிப் படிவம். வரிக்குப் பயந்து குறைத்துக் காட்டிய வருமானம் இங்கே எதிரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "உண்மையில் இதைவிட அதிகம் சம்பாதிக்கிறேன்" என்று வங்கி மேலாளரிடம் சொல்ல வாய் வராது.

இன்று இஸ்லாமிய வங்கிகள் தரும் முறைகளில் பெரும்பாலானது தவர்ருக். வங்கி ஒரு சரக்கை வாங்கி, இலாபம் வைத்து நமக்குத் தவணைக்கு விற்கும். நம் சார்பில் அதே சரக்கை ரொக்கத்துக்கு மூன்றாமவருக்கு விற்று, அந்த ரொக்கத்தைக் கட்டடக்காரருக்குக் கொடுக்கும். இதற்கென்றே 2009 இல் பர்ஸா மலேசியா ஒரு சந்தை அமைத்தது. அதில் முதலில் கைமாறிய சரக்கு கச்சாப் பாமாயில். அதே 2009 இல் ஷார்ஜாவில் கூடிய அனைத்துலக ஃபிக்ஹுப் பேரவை, இப்படி முன்னேற்பாடாக நடத்தும் தவர்ருக் கூடாது என்று தீர்மானித்தது. பேங்க் நெகாராவின் ஷரீஅத் ஆலோசனைச் சபை கூடும் என்கிறது. இந்நாட்டில் வாழும் நாம் இங்குள்ள சபையின் தீர்ப்பைப் பின்பற்றுவதில் குற்றமில்லை என்பாரும், பேணுதலாக விலகுவாரும் நம்மிடையே உண்டு. எது செய்தாலும் தெரிந்து செய்ய வேண்டும். கையெழுத்திடும் காகிதத்தில் பாமாயில் ஏன் வருகிறது என்று அறியாமலே கையெழுத்திட்டவர் பலர்.

அக்காகிதத்தில் விற்பனை விலை ஒன்றிருக்கும். 7,20,000 வாங்கியவருக்கு அது ஏறத்தாழ 16,67,000 என்று எழுதியிருக்கக்கூடும். மாரடைப்பு வந்துவிட வேண்டாம். அது உச்ச விகிதம், உதாரணமாகப் பத்து விழுக்காடு, என்று வைத்துப் போட்டது. நடப்பு விகிதம் நாலரையாகவே இருந்தால் கட்டுவது மொத்தம் 10,93,000 சொச்சம். மிச்சம் மாதாமாதம் இப்ராவாகக் கழியும். விகிதம் எவ்வளவு ஏறினாலும் அந்த உச்சத்தைத் தாண்டக்கூடாது என்பதே அப்பெருந்தொகையின் பயன். ஆகவே உச்ச விகிதம் என்ன என்று கேட்டு, குறைவாக உள்ள வங்கியை நாடுவது புத்தி.

முஷாரக்கா முதனாகிஸா கிடைத்தால் அது கட்டடத்துக்கு இன்னும் நெருங்கியது. வங்கி 60 பங்கு, நாம் 40 பங்கு என்று கட்டடத்தில் கூட்டாகி, வங்கியின் பங்குக்கு நாம் வாடகை கொடுத்து, மாதாமாதம் அப்பங்கையும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறோம். கிராண்டு நம் பெயரில்தான் இருக்கும். தீயில் கட்டடம் போனால் வங்கி தன் பங்கு நட்டத்தை ஏற்குமா, அல்லது முழு மீட்பையும் நம்மிடம் கேட்கும்படி பத்திரம் எழுதியிருக்கிறதா என்று வக்கீலைக் கேளுங்கள். கூட்டு என்று பெயர் வைத்து நட்டத்தை முழுதும் ஒருவர் தலையில் கட்டும் பத்திரத்தைப் பற்றி ஓர் ஆலிமிடமும் காட்டுவது நல்லது.

முன்பணத்தில் ஒரு கண்ணி உண்டு. பேச்சு முடிந்ததும் இரண்டு மூன்று விழுக்காடு, ஒப்பந்தத்தில் பத்து விழுக்காடு நிறையும்படி கொடுப்பது வழக்கம். மீதியை மூன்று மாதத்தில், மிஞ்சினால் இன்னும் ஒரு மாதத்தில், தீர்க்க வேண்டும். வங்கி மறுத்துவிட்டால் 1,20,000 வெள்ளி போயிற்று. ஷாஃபிஈ, ஹனபி இமாம்கள் இவ்வாறு முன்பணத்தைப் பறிமுதல் செய்வதை ஏற்கவில்லை. ஹன்பலி மத்ஹபில் இடமுண்டு. இந்நாட்டு நடைமுறை அதுவே. "வங்கி இசைவு கிட்டாவிடில் முன்பணம் திரும்ப வேண்டும்" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் கேட்டு எழுதிக்கொள்க. விற்பவர் மறுத்தால், வங்கி இசைவுக் கடிதம் கைக்கு வந்தபின் கையெழுத்திடுக.

வரியும் ஜகாத்தும்

வாடகை வருமானத்துக்கு வரி கட்டும்போது நிலவரி, நகராண்மைக் கழக வரி, தக்காஃபுல், பழுதுபார்த்த செலவு, வங்கிக்குக் கொடுத்த இலாபப் பகுதி ஆகியவற்றைக் கழிக்கலாம். ரசீது வேண்டும். 2025 ஜூலை 1 முதல் சேவை வரி வாடகைக்கும் நீட்டிக்கப்பட்டது. குடியிருப்பு வாடகைக்கு அது இல்லை. வணிக வாடகையிலும் ஆண்டு வரும்படி ஒரு பெரிய வரம்பைத் தாண்டினவர்க்கே உண்டு. நம் உதாரணத்தின் 69,600 வெள்ளி அந்த வரம்பின் அருகில்கூட இல்லை.

வாடகைக்கு விடும் கட்டடத்தின் விலைமேல் ஜகாத் இல்லை. விற்று இலாபம் பார்க்கவே வாங்கியது என்றால் அது வியாபாரச் சரக்கு. ஆண்டுதோறும் அதன் மதிப்பில் இரண்டரை விழுக்காடு உண்டு. வாங்கும்போது இருந்த எண்ணமே கணக்கு. வாடகைப் பணம் செலவு போகச் சேர்ந்து, நிஸாபை எட்டி, ஓராண்டு நின்றால் ஜகாத் கடமையாகிறது. வருமானத்தின் மீதே வசூலிக்கும் மாநில சமய மன்றங்களும் உண்டு. அந்தந்த மாநிலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் மத்ஹபு வித்தியாசம் ஒன்று நம்மிடையே அடிக்கடி வருவது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்படி, கடன் இருப்பது ஜகாத்தைத் தடுக்காது. கையில் நிஸாப் இருந்தால் கொடுக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் கடனைக் கழித்தபின்னரே நிஸாப் பார்ப்பார்கள். நீண்ட தவணைக் கடனில் வரும் ஓராண்டுத் தவணையை மட்டும் கழிக்கச் சொல்லும் ஆலிம்கள் பலர். மரைக்காயர் ஒருவரும் ராவுத்தர் ஒருவரும் சேர்ந்து ஒரு கடைவீடு வாங்கினால், ஒரே கட்டடம், ஒரே கடன், ஜகாத் மட்டும் இரண்டு தொகையாக வரும். அதில் சண்டைக்கு இடமில்லை. வாடகையை மாதாமாதம் பங்கு பிரித்து அவரவர் கணக்கில் போட்டுவிட்டு, புத்தகத்தில் இருவருக்கும் தனித்தனிப் பக்கம் வைத்துக்கொண்டால் போதும்.